வாலில் பழைய பெயர்: ஃபோர்ஜேயோவோடு ஒன்றரை வருடம்

எங்கள் கோடு (நிரல்) சர்வரிடம் ஏபிஐ வழியாக, அதாவது மென்பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழியாக, "நீ எந்தப் பதிப்பு?" என்று கேட்டால், 11.0 என்று ஆரம்பித்து, ஒரு கூட்டல் குறி போட்டு, அதற்குப் பின்னால் "கிட்டீ-1.22.0" என்று முடிக்கும். ஓடுவது என்னவோ ஃபோர்ஜேயோ என்ற மென்பொருள்தான். அது பிரிந்து வந்த தாய் மென்பொருள் கிட்டீ. கிட்டீயை விட்டு வந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது. கிட்டீக்கென்று எழுதப்பட்ட பழைய கருவிகள் குழம்பிவிடக் கூடாது என்று வேண்டுமென்றே விட்டுவைத்த வால் அது. பாகப்பிரிவினை முடிந்து தனி வீடு போன பிறகும் தபால் மட்டும் பழைய பெயருக்கே வந்துகொண்டிருக்குமே, அந்த மாதிரி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைந்த அந்த ஒன்று மென்பொருளின் தரத்துக்காகக் குறைந்தது இல்லை. அது எதற்கு என்பது போகப் போகத் தெரியும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நூலகங்களுக்கான இரவல் மென்பொருள் ஒன்றை ஒன்பது பேர் ஓய்வு நேரத்தில் எழுதுகிறோம், கட்டற்ற மென்பொருளாக. நான் அதில் கோடு எழுதுவது குறைவு. சர்வரைப் பார்த்துக்கொள்பவள் நான். பேக்கப் எடுப்பது, அப்டேட் போடுவது, பாஸ்வேர்டை மறந்தவருக்குப் புதிது கொடுப்பது எல்லாம் என் பாடு. இரண்டு பேருக்குள் சண்டை வந்தால், பொத்தான் என் கையில் இருக்கிறது என்பதால், அதுவும் என்னிடம்தான் வந்து சேரும்.

தெரியாதவர்களுக்காக: ஃபோர்ஜேயோ என்பது கிட் ரெப்போக்களை (கோடும் அதன் மாற்ற வரலாறும் இருக்கிற கிடங்குகளை) நம் சொந்த சர்வரில் வைத்துக்கொள்ள உதவும் மென்பொருள். கிட்ஹப்பில் பார்க்கிற இஷ்யூ (பிழை, கோரிக்கைக் குறிப்பு), புல் ரிக்வெஸ்ட் (என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற வேண்டுகோள்), விக்கி எல்லாம் இதிலும் உண்டு. கோ மொழியில் எழுதப்பட்ட ஒரே ஒரு பைனரி, அதாவது அப்படியே ஓடும் கோப்பு. அதைக் கொண்டுவந்து வைத்து, ஒரு கான்ஃபிக் கோப்பு எழுதினால் ஓட ஆரம்பித்துவிடும். சின்ன அணிக்கு எஸ்கியூலைட் டேட்டாபேஸே போதும். எங்களுடையது 2 ஜிபி நினைவகம் உள்ள ஒரு பழைய பெட்டி. அதில் இது இருக்கிற இடமே தெரியாமல் ஓடுகிறது. பெயருக்கு எஸ்பெராண்டோ மொழியில் கொல்லன் பட்டறை என்று பொருள். உச்சரிப்பில் எங்கள் அணிக்குள்ளேயே மூன்று கட்சி இருக்கிறது, அதை விடுங்கள்.

இந்த மென்பொருளை மட்டும் தனியாக எடுத்து விமர்சனம் எழுத முடியாது. இது ஒரு சண்டையில் பிறந்தது. இதன் அம்மாவும் ஒரு சண்டையில் பிறந்ததுதான். நான் மூன்று தலைமுறையையும் ஓட்டியிருக்கிறேன்.

பாட்டி பெயர் கோக்ஸ், 2014-இல் வந்தது. அருமையான, லேசான மென்பொருள். ஆனால் மெர்ஜ் செய்யும் சாவி, அதாவது வருகிற திருத்தங்களை மூலத்தில் சேர்க்கும் அனுமதி, ஒரே ஒருவர் கையில் இருந்தது. அவர் வேறு வேலையில் மூழ்கினால் அனுப்பிய திருத்தங்கள் எல்லாம் வரிசையில் நிற்கும். யாரும் கெட்டவர் இல்லை. ஆனால் வரிசையில் நிற்பவருக்கு எத்தனை நாள்தான் பொறுமை இருக்கும்? இன்னும் சிலருக்கு சாவி கொடுங்கள் என்று கேட்டார்கள், ஒத்துவரவில்லை, 2016 கடைசியில் பிரிந்து போய் கிட்டீ ஆனார்கள். ஒரே சாவி என்ற பிரச்சினை திரும்ப வரக் கூடாது என்று வருடா வருடம் தேர்தல் வைத்துப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் வைத்துக்கொண்டார்கள்.

ஆறு வருடம் கழித்து, 2022 அக்டோபரில், கிட்டீயின் டொமைனும் வணிக முத்திரையும் புதிதாகத் தொடங்கிய ஒரு லாப நோக்க நிறுவனத்தின் பேரில் போயிருப்பதாக அறிவிப்பு வந்தது. பங்களித்தவர்கள் பலருக்கு அது முன்கூட்டித் தெரியாது. சமூகத்துக்குச் சொந்தமான லாப நோக்கமற்ற அமைப்பிடம் அவை இருக்க வேண்டும் என்று திறந்த மடல் எழுதினார்கள். நடக்கவில்லை. டிசம்பரில், பெர்லினில் பதிவான கோட்பெர்க் என்ற லாப நோக்கமற்ற சங்கத்தின் குடையின் கீழ் ஃபோர்ஜேயோ பிறந்தது. ஆக, முதல் சண்டை மெர்ஜ் சாவி யாரிடம் என்பதற்கு. இரண்டாவது, பெயர்ப் பலகை யாருக்குச் சொந்தம் என்பதற்கு. கோடு சரியில்லை என்று யாரும் இரண்டு தடவையும் பிரிந்து போகவில்லை. நான் பார்த்தவரை கட்டற்ற மென்பொருளில் பெரிய ஃபோர்க்குகள் (கோடை நகலெடுத்துத் தனித் திட்டமாகப் பிரிவது) அநேகமாக இப்படித்தான். சாவிக்காகவோ, பலகைக்காகவோ, லைசன்ஸுக்காகவோ.

முதல் ஒரு வருடம் ஃபோர்ஜேயோ மென்மையான ஃபோர்க்காக இருந்தது. அதாவது கிட்டீயின் ஒவ்வொரு வெளியீட்டையும் அப்படியே எடுத்து, அதன் மேல் தங்கள் திருத்தங்களை அடுக்கித் தருவார்கள். அந்தக் காலத்தில் இரண்டுக்கும் நடுவே போய்வருவது பெரிய விஷயமே இல்லை. 2024 பிப்ரவரியில் இனி நம் பாதை வேறு என்று அறிவித்து முழு ஃபோர்க் ஆனார்கள். நான் அதுவரை வேலி மேல் உட்கார்ந்திருந்தவள். எந்தப் பக்கம் வென்றாலும் கடைசியில் மாறிக்கொள்ளலாம் என்ற நினைப்பு. அந்த அறிவிப்பைப் படித்ததும் உட்கார வேலியே இல்லை என்று புரிந்தது.

மாறியது 2024 ஜூனில், ஒரு சனிக்கிழமை இரவு. கிட்டீ 1.21-இலிருந்து ஃபோர்ஜேயோ 7.0-க்கு. எண்ணைப் பாருங்கள், 1.21-க்கு அடுத்து 7.0. ஃபோர்க் நடந்த வீட்டில் பதிப்பு எண் இப்படித்தான் ஓர் இடத்தில் தாவும். சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோட்.ஜேஎஸ் 0.12-இலிருந்து நேராக 4.0-க்குப் போனதன் காரணமும் அதுதான். 2014 டிசம்பரில் ஐஓ.ஜேஎஸ் என்று பிரிந்து போனவர்கள் 1, 2, 3 என்ற எண்களைச் செலவழித்துவிட்டார்கள். 2015 செப்டம்பரில் இரண்டு வீடும் ஒன்றானபோது மிச்சமிருந்த அடுத்த எண் 4. ஜிசிசி கம்பைலரிலும் அதே கதை. 1997-இல் ஈஜிசிஎஸ் என்று கிளை பிரிந்தது. 1999-இல் பிரிந்து போன கிளையையே அதிகாரபூர்வமான ஜிசிசி என்று ஏற்றுக்கொண்டார்கள். 2.8 வரிசைக்கு அப்புறம் வந்தது 2.95. எங்கேயாவது எண் தாவியிருந்தால் நான் இப்போதெல்லாம் உள்ளே என்ன சண்டை நடந்தது என்று தோண்டிப் பார்க்கிறேன். பாதிக்கு மேல் ஏதாவது கிடைக்கிறது.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன். சர்வரை நிறுத்தினேன். டேட்டாபேஸ், ரெப்போ அடைவு, கான்ஃபிக் கோப்பு மூன்றையும் தனித்தனியாக நகல் எடுத்தேன். பழைய பைனரி இருந்த இடத்தில் புதியதை வைத்து ஓடவிட்டேன். லாக்கில் டேட்டாபேஸ் மாற்றங்கள் வரி வரியாக ஓடின. நான்கே நிமிடம். உலாவியில் பக்கம் திறந்தது, ஆரஞ்சு நிறத்தில். இஷ்யூ எண்கள், கருத்துகள், எஸ்எஸ்ஹெச் சாவிகள் எல்லாம் அதனதன் இடத்தில். ஏதாவது உடையும் என்று நினைத்து விழித்திருந்த எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. அப்புறம் டாக்டர் என்ற கட்டளையை ஓடவிட்டுப் பார்த்தேன் (பழைய வீட்டிலிருந்தே வந்ததுதான் அதுவும்). ஒரே ஒரு ரெப்போவில் பழைய ஹூக் கோப்பு பற்றி முணுமுணுத்தது, சரிசெய்தேன், தூங்கப் போனேன்.

இந்த இடத்தில்தான் அந்த ஒரு மதிப்பெண் போகிறது. எனக்கு நான்கு நிமிடத்தில் திறந்த கதவு இப்போது மூடியிருக்கிறது. கிட்டீ 1.22 வரை உள்ளவர்கள் ஃபோர்ஜேயோ 10.0-க்கு நேராக ஏறலாம். 1.23-க்குப் போய்விட்டால் அப்படி ஏற வழி இல்லை. 10.0 வந்தது 2025 ஜனவரியில். என் சினேகிதி ஒருத்தி இன்னொரு அணியின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறாள். என்னிடம் கேட்டுவிட்டுச் செய்கிறேன் என்று சொல்லியிருந்தாள். நானும் நேரம் வரும்போது பார்க்கலாம் என்று இருந்தேன். அதற்குள் அவள் வழக்கமான அப்டேட் என்று நினைத்து 1.23 போட்டுவிட்டாள்.

அப்புறம் அவள் செய்தது ரெப்போ ரெப்போவாக இடமாற்றம். புது சர்வரில் மைக்ரேட் பக்கத்தைத் திறந்து, பழைய முகவரியைக் கொடுத்து, இஷ்யூ, லேபிள், புல் ரிக்வெஸ்ட் என்று ஒவ்வொன்றையும் டிக் செய்து இழுக்க வேண்டும். வந்துவிடும். ஆனால் ஆட்கள் வரமாட்டார்கள். கருத்து எழுதியவரின் பெயர் வெறும் எழுத்தாக நிற்கும், புது சர்வரில் இருக்கிற அவருடைய கணக்கோடு ஒட்டாது. எட்டு வருட விவாதத்தில் பேசியவர்கள் எல்லாம் புகைப்படத்தில் இருக்கிற ஆட்கள் மாதிரி ஆகிவிட்டார்கள் என்றாள். இரண்டு திட்டமும் தங்கள் தங்கள் டேட்டாபேஸைத் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ள உரிமை உள்ளவைதான், எனக்கு அது புரிகிறது. முன்கூட்டியே அறிவித்தும் இருந்தார்கள். ஆனாலும் மேலே இருப்பவர்கள் பலகைக்காகப் பிரியும்போது அதன் கூலியைக் கடைசியில் கொடுப்பது சனிக்கிழமை இரவில் சர்வர் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆள். ஃபோர்க் விவாதங்களில் இந்த ஆளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

இப்போது உள்ளே வருவோம். தினமும் புழங்குகிற விஷயம் மெர்ஜ்.

ஃபோர்ஜேயோவில் புல் ரிக்வெஸ்ட் பக்கத்தின் அடியில் மெர்ஜ் பொத்தான், அதன் ஓரத்தில் சின்ன அம்பு. அம்பை அழுத்தினால் வழிகள் விரியும். தனியாக ஒரு மெர்ஜ் கமிட் போடுவது ஒன்று (கமிட் என்றால் ஒரு மாற்றத்தின் பதிவு). ரீபேஸ் செய்து, அதாவது கமிட்டுகளை மூலத்தின் நுனிக்கு நகர்த்தி, நேர்கோட்டில் வைப்பது ஒன்று. ரீபேஸும் செய்து மெர்ஜ் கமிட்டும் போடுவது இன்னொன்று. எல்லாக் கமிட்டையும் ஒன்றாக நசுக்கி ஒரே கமிட்டாக்குவது, அதாவது ஸ்குவாஷ், வேறொன்று. மூலம் இடையில் மாறாமல் இருந்தால் மட்டும் நேராகச் சேர்ப்பது, ஃபாஸ்ட் ஃபார்வர்டு மட்டும் என்பதும் உண்டு. எந்தெந்த வழிகளை அனுமதிக்கலாம், எது முதலில் நிற்க வேண்டும் என்பதை ஒவ்வொரு ரெப்போவின் அமைப்பிலும் தீர்மானிக்கலாம். எனக்கு இந்த அமைப்புப் பக்கம் பிடித்திருக்கிறது. ஆரம்பத்தில் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது என் தப்பு.

எங்கள் அணியில் ஒரு மூத்தவர், ஒரு தம்பி. அபராதக் கணக்கை முழுக்கத் திருத்தி எழுதும் வேலை. மூத்தவரின் கணக்கில் இருந்த கிளையில் (மூலத்தைத் தொடாமல் தனியாக வேலை செய்யும் இடத்தில்) இரண்டு பேரும் சேர்ந்து எழுதினார்கள். மொத்தம் 41 கமிட். அதில் 27 தம்பியுடையது. புல் ரிக்வெஸ்ட்டைத் திறந்தவர் மூத்தவர், ஏனென்றால் கிளை அவருடைய ஃபோர்க்கில் இருந்தது. எல்லாரும் பார்த்தார்கள், சரி என்றார்கள். வரலாறு சுத்தமாக இருக்கட்டும் என்று மூத்தவர் ஸ்குவாஷ் பொத்தானை அழுத்தினார். 41 கமிட் ஒன்றானது. ஸ்குவாஷ் செய்தால் ஆசிரியர் இடத்தில் புல் ரிக்வெஸ்ட்டைத் திறந்தவர் பெயர் வரும். மற்றவர்கள் கமிட் செய்தியின் அடியில் "கோ-ஆத்தர்டு-பை" என்ற ஒரு வரியில் வருவார்கள்.

அன்று இரவு சாட்டில் நடந்தது இது.

"அண்ணா, என் பேர் எங்க?"

"கீழ இருக்கு பாருப்பா. கடைசி வரி."

"வாசல்ல செருப்பு விடற இடத்துல நிக்க வெச்சுட்டு, உள்ள வந்தாச்சுன்னு சொல்றீங்க."

"ஒரு பேருக்காகவா இவ்வளவு?"

பேருக்காக மட்டும் இல்லை என்பது மூன்று மாதம் கழித்துத் தெரிந்தது. விடுமுறை நாட்களை அபராதத்தில் சேர்க்காமல் விடும் இடத்தில் ஒரு பிழை. எந்தக் கமிட்டில் பிழை நுழைந்தது என்று பாதி பாதியாகத் தேடும் கிட் பைசெக்ட் ஓட்டினோம். அது போய் நின்ற இடம் அந்த ஒற்றைக் கமிட். 2,300 வரி மாற்றம், செய்தி ஒரே வரி: "அபராதக் கணக்கு மாற்றி எழுதப்பட்டது". இந்த நிபந்தனையை ஏன் இப்படி வைத்தார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. தம்பியிடம் கேட்டால், அதைத்தான் ஒரு கமிட் செய்தியில் பத்து வரியில் எழுதியிருந்தேன், நீங்கள்தான் நசுக்கிவிட்டீர்களே என்கிறான்.

இந்த இடத்தில் ஃபோர்ஜேயோ கைகொடுத்தது. ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டின் கிளை முனையையும் சர்வர் ரெஃப்ஸ்-புல் என்ற இடத்தில் தனியாக வைத்திருக்கும். மெர்ஜ் ஆனாலும், கிளையை அழித்தாலும், அது போகாது. புல் ரிக்வெஸ்ட் எண்ணைக் கொடுத்து அந்த முனையை என் கணினிக்கு இழுத்தேன். 41 கமிட்டும் வந்து வரிசையாக நின்றன. பத்தொன்பதாவதில் தம்பி எழுதிய பத்து வரி அப்படியே இருந்தது. ஆண்டு நடுவில் விடுமுறைப் பட்டியல் மாறினால் பழைய அபராதங்களைத் திரும்பக் கணக்கிடக் கூடாது என்பதற்கான நிபந்தனை அது. பிழை அந்த நிபந்தனையில் இல்லை, அதற்கு முந்தின வரியில். ஐந்து நிமிடத்தில் சரியானது.

ஆனால் தம்பி அதற்குள் போயிருந்தான். முழுத் திட்டத்தையும் ஃபோர்க் செய்து, வேறு பெயர் வைத்து, லோகோவும் மாற்றிவிட்டான். அதே சர்வரில், என் கண் முன்னால்.

ஃபோர்க் என்ற சொல்லே இப்போது இரண்டு வேலை பார்க்கிறது, கவனித்திருக்கிறீர்களா? பக்கத்தின் மேல் மூலையில் ஒரு பொத்தான், அதற்கும் ஃபோர்க் என்றுதான் பெயர். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த வருகிறவர்கூட அதைத்தான் அழுத்துகிறார். அதில் கோபம் எதுவும் இல்லை, திரும்ப வந்து மெர்ஜ் ஆவதற்காகவே எடுக்கிற நகல் அது. முன்பெல்லாம் ஃபோர்க் என்றால் போர் அறிவிப்பு மாதிரி. கிட்டுக்கு முந்திய சிவிஎஸ் என்ற கருவியின் காலத்தில் மையமாக ஒரு சர்வர், எழுதும் அனுமதி சிலருக்கு மட்டும். அவர்களோடு ஒத்துப்போகவில்லை என்றால் வெளியே போய்த் தனியாகக் கடை போட வேண்டும், திரும்பச் சேர்வது பெரும்பாடு. கிட் வந்த பிறகு நகல் எடுப்பதும் சேர்ப்பதும் சுலபமாகிவிட்டது. மனிதர்கள் சேர்வது மட்டும் சிவிஎஸ் காலத்திலேயே இருக்கிறது.

எங்கள் சர்வரில் ஒரு கட்டத்தில் அறுபதுக்கும் மேல் செத்த ஃபோர்க்குகள் கிடந்தன, எல்லாம் ஒற்றை வரித் திருத்தத்துக்காக எடுத்தவை. அதற்கு ஃபோர்ஜேயோவில் ஒரு மாற்று உண்டு. ஏஜிட் என்று பெயர். ஃபோர்க்கே எடுக்காமல், மூல ரெப்போவுக்கே "ரெஃப்ஸ்-ஃபார்-மெயின்" என்ற முகவரிக்கு புஷ் செய்தால், அதாவது அனுப்பினால், சர்வர் அதைப் புல் ரிக்வெஸ்ட்டாக மாற்றிக்கொள்ளும். எழுதும் அனுமதி இல்லாதவரும் செய்யலாம். கிட்டீயிலும் இது உண்டு. புதியவர்களுக்கு ஒரே ஒரு கட்டளையை எழுதிக் கொடுத்துவிட்டேன், ஃபோர்க் குவிவது நின்றது. ஒரு குறை, ரீபேஸ் செய்துவிட்டுத் திரும்ப புஷ் செய்தால் அதற்கென்று தனியாக ஒரு ஃபோர்ஸ் ஆப்ஷன் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வழக்கமான ஃபோர்ஸ் கொடிக்குப் பழகியவர்கள் முதல் தடவை கண்டிப்பாக என்னைக் கூப்பிடுவார்கள்.

கான்ஃப்ளிக்ட் விஷயத்தில் எனக்குத் திருப்தி பாதிதான். இரண்டு பேர் ஒரே வரியைத் தொட்டிருந்தால் எந்தெந்தக் கோப்பில் மோதல் என்று பட்டியல் காட்டுகிறது, கட்டளை வரியில் என்ன செய்ய வேண்டும் என்று வழியும் சொல்கிறது. ஆனால் கிட்ஹப் மாதிரி உலாவியிலேயே திறந்து திருத்துகிற வசதி இல்லை. ஆவணம் எழுதுபவர்கள், மொழிபெயர்ப்பவர்கள் எல்லாம் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்படி ஒருவருக்காக நான் தீர்த்த மோதலைச் சொல்கிறேன். கோப்பைத் திறந்தால் ஏழு "சிறியது" குறிகள், கீழே "இரவல் நாள் = 21". நடுவில் ஏழு சமக் குறிகள். அதற்குக் கீழே "இரவல் நாள் = 14, வேலை நாள் மட்டும்". அப்புறம் ஏழு "பெரியது" குறிகள். எதை வைப்பது? இரண்டில் ஒன்று என்றுதான் எவருக்கும் தோன்றும். என் கணினியில் கிட்டின் மோதல் பாணியை இசட்-டிஃப்3 என்று வைத்திருக்கிறேன், 2022 ஜனவரியில் கிட் 2.35-இல் வந்தது. அது நடுவில் இன்னொரு பகுதியையும் காட்டும், பிரிவதற்கு முன் இருந்த வரியை. அங்கே "இரவல் நாள் = 14" என்று இருந்தது. அப்போதுதான் விளங்கியது, ஒருவர் நாளைக் கூட்டியிருக்கிறார், மற்றவர் நாளைத் தொடவே இல்லை, எப்படி எண்ணுவது என்பதை மட்டும் மாற்றியிருக்கிறார். இரண்டு பேரும் சொல்வதும் ஒரே வரியில் நிற்கும்: 21, வேலை நாள் மட்டும். இது ஃபோர்ஜேயோவின் வேலை இல்லைதான், கிட்டுடையது. ஆனால் மோதல் பக்கத்தில் பட்டியலுக்குப் பக்கத்திலேயே பழைய வரியையும் காட்டினால் எத்தனையோ வாய்ச் சண்டை குறையும்.

இன்னொரு பெரிய மாற்றம் லைசன்ஸ். கிட்டீ எம்ஐடி லைசன்ஸில் இருக்கிறது, அதில் கோடை மூடிய பொருளுக்குள்ளும் சேர்த்துக்கொள்ளலாம். ஃபோர்ஜேயோ 2024 அக்டோபரில் வந்த 9.0-இலிருந்து ஜிபிஎல் மூன்றாம் பதிப்புக்கு மாறியது, அதில் மாற்றி வெளியிடுபவர் கோடையும் அதே லைசன்ஸில் தர வேண்டும். பயனராக எனக்கு இதில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் சேர்வது என்ற கணக்கில் பார்த்தால் இது ஒருவழிப் பாதை. கிட்டீயின் கோடை ஃபோர்ஜேயோ எடுத்துக்கொள்ளலாம், ஃபோர்ஜேயோவின் புதுக் கோடை கிட்டீ எம்ஐடியாக எடுத்துக்கொள்ள முடியாது. லிப்ரே ஆஃபிஸுக்கும் அப்பாச்சி ஓப்பன் ஆஃபிஸுக்கும் நடுவே இருப்பதும் இதே ஒருவழிதான். ஓப்பன் ஆஃபிஸின் திருத்தங்கள் லிப்ரே பக்கம் போகலாம், திரும்பி வர முடியாது. கோடு அளவில் மெர்ஜ் ஆகக்கூடியதாகவே இருந்தாலும், காகித அளவில் நடக்காது. எங்கள் அணியில் ஒருவருக்கு இது பிடிக்கவே இல்லை, கதவை உள்ளே இருந்து பூட்டிக்கொண்டார்கள் என்பார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தங்கள் உழைப்பு மறுபடி ஒரு நிறுவனத்தின் மூடிய பெட்டிக்குள் போய்விடக் கூடாது என்று நினைப்பவர்கள் இப்படிச் செய்வது எதிர்பார்க்கக்கூடியதுதான். பலகை போனவருக்குப் பூட்டின் மேல் ஆசை வரும்.

அதே சமயம் ஃபோர்ஜேயோவில் நான் மதிக்கிற ஒன்று, பிரிந்த பிறகும் அந்தப் பக்கத்து வேலையைப் பொறுக்கி எடுக்க வெட்கப்படவில்லை. முழு ஃபோர்க் ஆன பிறகும் வாரம் ஒரு புல் ரிக்வெஸ்ட் போட்டு, அந்த வாரம் கிட்டீயில் நடந்ததில் தங்களுக்கு ஒத்துவருவதைச் செர்ரி-பிக் செய்து கொண்டுவந்தார்கள். எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று அதிலேயே எழுதியும் வைப்பார்கள். எனக்கு இதைப் பார்த்ததும் வீடியோ, ஆடியோ கோப்புகளை மாற்றித் தரும் எஃப்எஃப்எம்பெக் ஞாபகம்தான் வந்தது. 2011-இல் அந்தத் திட்டம் உடைந்து லிப்ஏவி பிரிந்தது. டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்புகள் லிப்ஏவி பக்கம் சாய்ந்தன. உபுண்டுவில் எஃப்எஃப்எம்பெக் என்று தட்டினால் இது வழக்கொழிகிறது, லிப்ஏவியின் ஏவிகான்வ் பயன்படுத்துங்கள் என்று செய்தி வந்த காலம் உண்டு. வழக்கொழிந்தது லிப்ஏவியோடு வந்த அந்தப் பெயருள்ள நிரல்தான், எஃப்எஃப்எம்பெக் திட்டம் உயிரோடுதான் இருந்தது. எஃப்எஃப்எம்பெக் பக்கம் என்ன செய்தார்கள் என்றால், லிப்ஏவியில் வருகிற மாற்றங்களை விடாமல் தங்கள் பக்கம் மெர்ஜ் செய்துகொண்டே இருந்தார்கள். அந்தப் பக்கம் அப்படி எடுக்கவில்லை. நாலு வருடத்தில் ஒரு வீட்டில் இரண்டு வீட்டுச் சாமானும் இருந்தது. 2015-இல் உபுண்டு திரும்ப எஃப்எஃப்எம்பெக்குக்கு வந்தது, டெபியனும் அதே ஆண்டில் மாற முடிவு செய்தது. காலப்போக்கில் ஃபோர்ஜேயோவும் கிட்டீயும் விலக விலக இந்தப் பொறுக்கல் கடினமாகத்தான் ஆகும், இரண்டின் கோடும் இப்போது ஒரே ஜாடையில் இல்லை.

மற்றவை சுருக்கமாக. ஆக்‌ஷன்ஸ் என்ற தானியங்கிச் சோதனை வசதி இருக்கிறது, அதற்கான ரன்னரை நாமே தனியாக நிறுவ வேண்டும். கிட்ஹப்பின் ஆக்‌ஷன்ஸோடு பழக்கம் உள்ளவருக்குக் கோப்பு பார்த்த மாதிரி இருக்கும், ஆனால் எல்லாம் அப்படியே ஓடும் என்று நம்பி இறங்காதீர்கள். எங்களுடையதில் மூன்றில் ஒன்று திருத்தம் கேட்டது. நீண்ட கால ஆதரவுள்ள பதிப்புகள் உண்டு, 7.0-உம் 11.0-உம் அப்படி வந்தவை. என்னைப் போல வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் பெரிய அப்டேட் போட விரும்புகிறவர்கள் அந்த வகைப் பதிப்புகளிலேயே இருங்கள். சர்வருக்கும் சர்வருக்கும் நடுவே ஃபெடரேஷன், அதாவது தனித்தனி சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது என்பது ஆரம்பத்திலிருந்தே பேசுகிற கனவு. அதை நம்பி இப்போது யாரும் மாற வேண்டாம்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு ஃபோர்ஜேயோவைத் தயங்காமல் சொல்வேன். கிட்டீ 1.22-ஓ அதற்கு முந்தியதோ வைத்திருப்பவர்கள் முதலில் நகல் எடுங்கள், 10.0-க்கு ஏறுங்கள், அங்கிருந்து மேலே போங்கள். 1.23-க்கோ அதற்கு மேலோ போனவர்கள், கிட்டீ நன்றாக ஓடுகிறது என்றால் அங்கேயே இருங்கள். அதுவும் நல்ல மென்பொருள்தான். கோபத்துக்காக மட்டும் வீடு மாற்றுவது பெரிய அலைச்சல்.

எங்கள் ரெப்போவில் ஸ்குவாஷை அமைப்பிலேயே முடக்கிவிட்டேன். மூத்தவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, அப்புறம் பேசினார். தம்பியின் ஃபோர்க் அதே சர்வரில் இருக்கிறது. போன மாதம் கணக்குப் பார்த்தேன், எங்களைவிட 63 கமிட் முன்னால், 118 பின்னால், அதாவது எங்களிடம் இல்லாதவை 63, அவனிடம் இல்லாதவை 118. இடையில் ஒரு நாள் அவன் கண்டுபிடித்த நேர மண்டலப் பிழைக்கான திருத்தத்தை ஏஜிட் வழியாக எங்களுக்கே அனுப்பியிருந்தான், குறிப்பு எதுவும் இல்லாமல். மூத்தவர்தான் அதைப் பார்த்து, மெர்ஜ் கமிட் போட்டு, உள்ளே எடுத்தார். அவரும் குறிப்பு எதுவும் எழுதவில்லை. அந்த ஃபோர்க்கை அழிக்கச் சொல்லி இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. பேக்கப்பில் 40 எம்பி பிடிக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.